கோட்டின் வால்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

பாத்திரக் கடைக்காரரைத் திட்டாதே. அவர் கொடுத்த தண்டில் ஒரு குறையும் இல்லை. அதை உடைத்தது நான்.

நேற்று மாமா போனில் கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொன்னார். மூன்று அடுக்குக் கேக் வைத்த ஸ்டாண்டின் நடுத்தண்டு முறிந்து மேல் அடுக்கு சரிந்தது என்றார். கேட்டதும் உன்னைப் போல எனக்கும் கடைக்காரர் மேல்தான் கோபம் வந்தது. பிறகு மாமா பேச்சுவாக்கில், "உடைஞ்ச இடத்தைத் தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது" என்றார். அது அலுமினியத் தண்டு. அலுமினியம் வளையும், நெளியும். பிஸ்கட் மாதிரி உதிராது. அப்படி உதிர எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு. அதைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கைப்பையில் உன் கேக் கடைக்குக் கொண்டுவந்தவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? காலியமும் இண்டியமும் கலந்த உலோகம், அறைச் சூட்டிலேயே தண்ணீராக இருக்கும், பாதரசம் மாதிரி ஆபத்து இல்லை என்று பெருமையடித்தேன். நீ மாவிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி சரி, தட்டைக் கழுவி வை" என்றாய். கழுவினேன். கையையும் துடைத்தேன், ஆனால் சரியாகத் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு, உனக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, அந்தத் தண்டை எடுத்து மரையில் முறுக்கினேன். மரை தேய்ந்து கீறல் விழுந்த இடத்தில் என் விரலில் இருந்த மிச்சம் உள்ளே இறங்கியிருக்கும். அலுமினியத்துக்குள் அது ஒருமுறை இறங்கிவிட்டால் அதன் நுண்ணிய மணிகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும். அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். உன் கேக் மண்டபத்துக்குப் போனது இரண்டாம் நாள்.

எங்கள் ஆய்வகக் கதவில் "அலுமினியப் பொருள் உள்ளே வரக்கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியது நான்.

மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

உன் கோந்து


மார்ச் 11

கோந்து,

"அன்புள்ள" எல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கிடையாது.

உன் கடிதம் வந்தப்போ நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? பாத்திரக் கடைக்காரருக்கு மூணாவது தடவையா போன் போட்டு, "நீங்க வித்தது தண்டா, ரஸ்க்கா?"ன்னு கேட்டுட்டு இருந்தேன். மனுஷன் அழாக்குறையா, "பதினஞ்சு வருஷமா விக்கிறேம்மா, ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லை"ன்னார். "அப்ப நான் பொய் சொல்றேனா?"ன்னு அதுக்கும் ஒரு கத்து கத்திட்டு போனை வச்சேன். வச்ச கை எடுக்கலை, வாசல்ல தபால்காரர். இப்ப நான் எந்த முகத்தோட அந்தக் கடைப் பக்கம் போறது?

மண்டபத்துல என்ன ஆச்சுன்னு உங்க மாமா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். மேல் அடுக்கு நேரா மாப்பிள்ளையோட அம்மா மடியில போய் உட்கார்ந்துச்சு. அந்தம்மா அசையவே இல்லை. கொஞ்ச நேரம் மடியையே பார்த்தாங்க. ஒரு விரலால தொட்டு நக்கிட்டு, "எலுமிச்சையா?"ன்னு கேட்டாங்க. "ஆமாங்க"ன்னேன். அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சாங்க.

சிரிக்காதே. நீ சிரிக்கிறது இங்கேருந்தே தெரியுது.

போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா நான் கத்துவேன், நீ அழுவே, உங்க மாமா நடுவுல டீ போட்டு எடுத்துட்டு வருவார், ஒண்ணும் தீராது. எழுது. எழுதினா நான் நிதானமா திட்டலாம். நீயும் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

சின்ன வயசுல என் சட்டை நுனியைப் பிடிச்சுட்டே திரிஞ்சதால உனக்குக் கோந்துன்னு பேர் வச்சேன். அந்தக் கோந்து இப்ப ஆறு மணி நேர ரயில் தூரத்துல உட்கார்ந்து, தொட்டதையெல்லாம் பொடியாக்குற சாமானை வச்சு விளையாடுது. கேட்கிறேன், அதோட உனக்கு என்னதான் வேலை? இங்கே ஜன்னலோரத்துல ஒரு மேசை ரெண்டு வருஷமா காலியா கிடக்கு. ஆர்டர் தாங்க முடியலை, கூட ஒரு கை வேணும், அது என் தங்கச்சி கையா இருந்தா நல்லதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். (இப்ப அந்தக் கையை நினைச்சாலே பயமா இருக்கு. அது வேற விஷயம்.)

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

திரும்பத் திரும்பப் படித்தேன். "எலுமிச்சையா?" என்ற இடத்தில் பேருந்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

என்ன வேலை என்று கேட்டாய். நீ அதைத் திட்டாகத்தான் கேட்டாய், ஆனாலும் பதில் சொல்கிறேன்.

ரப்பர் தாளின் மேல் செம்புக் கம்பியை ஒட்டினால், தாளை இழுத்ததும் கம்பி அறுந்துவிடும். இந்த உலோகமோ தண்ணீர். தாள் நீண்டால் கூடவே நீளும், சுருங்கினால் சுருங்கும், மின்சாரமும் விடாமல் ஓடும். நீளும்போது மின்சாரத்துக்கு வழி கொஞ்சம் குறுகும். எவ்வளவு குறுகியது என்று அளந்தால் தாள் எவ்வளவு நீண்டது என்று தெரிந்துவிடும். இதை வைத்து ஒரு முழங்கால் பட்டை செய்கிறோம். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி நடக்கப் பழகுகிறவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நேற்றைவிட எவ்வளவு அதிகம் மடக்கினார்கள் என்று பட்டையே சொல்லும். காலுறை மாதிரி மெத்தென்று இருக்கும். போட்டிருப்பதே தெரியாது.

அது தயாரானால்தான் இதெல்லாம். மெல்லிய ஊசி வழியாக உலோகத்தைப் பிதுக்கி ரப்பர் மேல் கோடு போடுகிறோம். ஊசியை நகர்த்துவது ஓர் இயந்திரம். காற்றுப் பட்டதும் உலோகத்தின் மேல் ஒரு தோல் படிகிறது, காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல. அந்தத் தோல் இருப்பதால்தான் கோடு கோடாக நிற்கிறது, இல்லாவிட்டால் உருண்டு திரண்டுவிடும். எங்களைக் கெடுப்பதும் அதே தோல்தான். கோட்டை முடித்து ஊசியைத் தூக்கினால் அது ஊசியை விடுவதில்லை. நூலாக இழுபட்டு, அறுந்து, பக்கத்துக் கோட்டின் மேல் வால் போல விழுகிறது. இரண்டு கோடு தொட்டுக்கொண்டால் பட்டையே வீண். ஒரு பட்டையில் முப்பத்தாறு கோடு. முப்பத்தாறு வால்.

ஊருக்கு அன்று வந்ததே உன்னிடம் ஒன்று சொல்லத்தான். மே 20 அன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் பட்டையை ஆயிரம் தடவை இழுத்து விட வேண்டும். அதற்குப் பிறகும் அது சரியாக அளந்தால் எங்கள் வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும். அளக்காவிட்டால் மே மாதத்தோடு மூடிவிடுவார்கள். பேராசிரியருக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. என்னோடு வேலை செய்யும் சுருட்டைமுடிக்காரிக்கு (எல்லோருக்கும் அவள் சுருட்டைதான்) வேறு குழுவில் இடம் தயார். எனக்கு இது மட்டும்தான். சொட்டைக் காட்டிப் பெருமையடித்த பிறகு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் கோந்து


மார்ச் 27

கோந்து,

கடிதம் வந்துச்சு. படிச்சேன்.

பாத்திரக் கடைக்குப் போனேன். கல்லாவுல அவர் இல்லை, அவர் மனைவி இருந்தாங்க. நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல அடுக்கி வச்சிருந்த டம்ளரெல்லாம் அதிர்ந்துச்சு. உள்ளே பார்த்து, "ஏங்க, உங்க தண்டு ரஸ்க் இல்லையாம், வாங்க வெளியே"ன்னு கூப்பிட்டாங்க. அவர் வந்தார். மன்னிப்புக் கேட்டேன். எவர்சில்வர் தண்டு ஒண்ணு எடுத்து என் கையில வச்சு, "இதை உங்க தங்கச்சியால ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன். முடியுமா?

உன் வேலை விஷயமா நான் என்ன சொல்றது. ஐசிங் வேற, உலோகம் வேற. படிச்சவங்களுக்கே தெரியாதது எனக்கு எங்கேருந்து தெரியும். முயற்சி பண்ணு. ஆனா மூடிட்டாங்கன்னா உலகம் ஒண்ணும் இடிஞ்சு போயிடாது. ஜன்னலோர மேசையைக் கழுவி வச்சிருக்கேன். காலையில நல்லா வெளிச்சம் வருது அங்கே.

வேலை இருக்கு. வைக்கிறேன்.

அக்கா

தங்கச்சிக்கு மாமா எழுதுவது: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி. உன் போன கடிதத்தை உங்க அக்கா நாலு தடவை படிச்சா. அப்புறம் பைப்பிங் பையில ஐசிங்கை நிரப்பி, ஒரு ஆர்டரும் இல்லாம, வெறும் மேசை மேல முப்பத்தாறு கோடு போட்டா. போட்டுட்டு எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சா. ஏன்னு கேட்டா "சும்மா"ங்கறா. இவ்வளவு நல்ல கோட்டை ஏன் எறியறான்னுதான் எனக்குப் புரியலை.


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

எவர்சில்வரை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் தைரியமாகச் சொல்.

இங்கே நாற்பத்திரண்டு பட்டை செய்தோம். இரண்டு தேறின. அந்த இரண்டும் எப்படித் தேறின என்று எங்களுக்கே தெரியாது, அதனால் அவையும் கணக்கில் சேராது. ஊசியை வேகமாகத் தூக்கிப் பார்த்தோம், மெதுவாகத் தூக்கிப் பார்த்தோம். சுருட்டை ஒரு நாள் கத்தரிக்கோலை வைத்து வாலை நறுக்கப் போனாள். கத்தரிக்கோல் அதற்குப் பின் வெள்ளிப் பூச்சு பூசியது போல அழகாக இருந்தது. பட்டையை மட்டும் குப்பையில் போட்டோம்.

மாமா உறையை ஒட்டுவதற்கு முன் எழுதியதைப் படித்தேன். முப்பத்தாறு என்ற எண் என் கடிதத்தில் இருந்துதான் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும், அல்லது உனக்கு. நீ போட்டது நல்ல கோடு என்றும் அவர் சொல்கிறார். உன்னிடம் நேராகக் கேட்கலாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். சின்ன வயதில் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாய். பையைப் பிடிப்பது, சுழல் மேசையை இடது கையால் திருப்புவது, எல்லாம். ஆனால் ஓரத்துக் கடைசிப் பூவை மட்டும் என்னை வைக்கவிட்டதே இல்லை. "தள்ளு, நான் முடிக்கிறேன்" என்று பையை வாங்கிக்கொள்வாய். முடிப்பது எப்படி என்று நான் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் உன் முழங்கை மறைக்கும்.

சரி, விடு. புத்தகங்களில் பாதியை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். கடைசி நிமிடத்தில் அள்ளிக்கொண்டு ஓடுவதைவிட மெதுவாகப் பிரிவது நல்லது என்று தோன்றியது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஜன்னலோர மேசை எத்தனை உயரம்? நின்று வேலை செய்வதா, உட்கார்ந்தா? இங்கே குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

உன் கோந்து


ஏப்ரல் 13

என் கோந்துக்கு,

மேசை உயரத்தை அளக்க டேப் எடுத்தேன். அளக்க முடியலை. டேப்பைப் பிடிச்சுட்டே தரையில உட்கார்ந்துட்டேன். உங்க மாமா டீ போட்டு எடுத்துட்டு வந்தார்.

எனக்குத் தெரியும். உன் மார்ச் கடிதத்துல "வால்"னு படிச்ச நிமிஷமே தெரியும். ஐசிங்குலயும் அதே வால்தான் வரும், அதே தோல்தான். மேசை மேல போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. வழிச்சு எறிஞ்சுட்டு, உனக்கு "எனக்கு எங்கேருந்து தெரியும்"னு எழுதினேன். சொல்லாம இருந்தா மே மாசத்தோட மூடிடுவாங்க, நீ இங்கே வந்துடுவேன்னு நினைச்சேன். அந்த மேசைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சேன், அதை உனக்குச் சொல்லலை. நீ கழுத்து வலின்னு எழுதினதும் தாங்கலை.

நீ தண்டை உடைச்சது தெரியாம. நான் வாயை மூடிட்டு இருந்தது தெரிஞ்சு. இப்ப யாரு யார்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு நீயே சொல்லு.

இப்ப கேளு. வாலை நறுக்காதே. உங்க சுருட்டைகிட்ட கத்தரிக்கோலைப் பிடுங்கி வை. கோடு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அழுத்தறதை நிறுத்திடணும். ஊசிக்குள்ள இருக்கிற மிச்சமே கோட்டை முடிச்சுக்கும். அதுக்கப்புறம் எல்லாரும் தூக்குவாங்க. நீ தூக்காதே. போன வழியே கொஞ்சம் திரும்பி வா, போட்ட கோட்டு மேலேயே. வால் அந்தக் கோட்டு மேலேயே படுத்துக்கும். அப்புறம் தூக்கு. அது பக்கத்துக் கோட்டுக்குப் போகாது. அதோட வீட்லயே படுத்துடுச்சுல்ல, எங்கே போகும்?

கடைசிப் பூவை உன்னை வைக்கவிடாததுக்கு ஒரு காரணமும் இல்லை. எனக்குப் பிடிச்ச வேலை அது. அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உன் மேல் இரண்டு நாள் கோபமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் நாள் மத்தியானம் வரை இருந்தேன். அதற்குள் சுருட்டை உன் கடிதத்தை வாங்கி, அந்த ஒரு பத்தியை மட்டும், இயந்திரத்துக்குக் கட்டளையாக எழுதிவிட்டாள். ஊசி கோட்டின் முனைக்குப் போய், நின்று, வந்த வழியே திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே கோபமாக இருக்க எனக்குத் தெரியவில்லை. மேசையின் மஞ்சளைப் பற்றி மட்டும் இன்னும் வருத்தம் இருக்கிறது. அது கோபம் இல்லை.

சுருட்டை அந்தக் கோப்புக்கு "அக்கா-1" என்று பேர் வைத்தாள். இப்போது "அக்கா-5" வரைக்கும் வந்திருக்கிறோம். பேராசிரியர் காலையில் வந்ததும், "இன்னிக்கு அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். "நேத்தைவிட பரவாயில்லை சார்" என்கிறோம்.

ஆனால் முழுக் குணம் ஆகவில்லை. முப்பத்தாறில் முப்பது வால் போய்விட்டது. மிச்ச ஆறில் புதுத் தொல்லை. திரும்பி வரும்போது ஊசி போட்ட கோட்டையே உழுது தோலைக் கிழித்துவிடுகிறது. உழாமல் இருக்க ஊசியை உயர்த்தினால் வால் படுக்க மாட்டேன் என்கிறது. "கொஞ்சம் திரும்பி வா" என்றாயே, கொஞ்சம் என்றால் எவ்வளவு? எந்த உயரத்தில்? எத்தனை வேகத்தில்? குழு வர இன்னும் இருபத்தாறு நாள்.

உன் கோந்து


ஏப்ரல் 29

கோந்து,

கொஞ்சம்னா கொஞ்சம்தான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை. நேத்து முழுக்க கோடு போட்டுப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவுன்னு யோசிச்சா கை தப்பு பண்ணுது, யோசிக்காம விட்டா சரியா பண்ணுது.

போன்ல காட்டேன்னு உங்க மாமா சொல்றார். போன் கூடாதுன்னு சொன்னது நான். என் பேச்சை நானே மீறினா அப்புறம் நீ எப்படி மதிப்பே? அதனால நேர்லயே வரேன். சனிக்கிழமை காலை ரயில். ரெண்டு நாளைக்குக் கடையை உங்க மாமா பார்த்துக்குவார். பாத்திரக் கடைக்காரம்மா துணைக்கு வரேன்னிருக்காங்க. ஐசிங், பை, நாசில் எல்லாம் எடுத்துட்டு வரேன். நாசில் எவர்சில்வர்தான், கேட்காதே.

ஸ்டேஷனுக்கு வா. கட்டிப் பிடிக்கலாம், ஆனா கையைக் கழுவிட்டு வா.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

நீ போய் ஐந்து நாள் ஆகிறது. ஆய்வகத்தில் இன்னும் வெண்ணிலா வாசனை போகவில்லை. யாரும் போகட்டும் என்று நினைக்கவும் இல்லை.

முதலில் நீ கிளம்பும்போது கேட்ட கேள்விக்குப் பதில். அலுமினியத் தாளில் சுற்றி வந்த கேக்கை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டது அவமரியாதை இல்லை, விதி. நீ உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் சுருட்டையும் பேராசிரியரும் அதைத் தாழ்வாரத்திலேயே நின்று தின்று முடித்தார்கள். எனக்குத் தாள்தான் மிச்சம்.

இப்போது முக்கியமான விஷயம். உன் கையைப் படம் பிடித்தோமே, அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். நீ ஐசிங்கில் போட்ட கோடுகள், பிறகு எங்கள் ஊசியைக் கையில் வாங்கி, "இது பரவாயில்லையே, வெண்ணெய் மாதிரி வருது" என்று உலோகத்தில் போட்ட கோடுகள், எல்லாவற்றையும். திரும்பி வரும்போது நீ நேராக வருவதில்லை அக்கா. முனையில் கையை ஒரு மயிரிழை தூக்குகிறாய், கோட்டைத் தாண்டிக் குதிப்பது போல. தாண்டி, மறுபடி இறங்கி, கோட்டை லேசாகத் தொட்டுவிட்டு எடுக்கிறாய். குட்டியாக ஒரு வளைவு. அத்தனை கோட்டிலும் அதே வளைவு. தூக்குகிறாயா என்று நீ இங்கே இருந்தபோதே கேட்டேன். "தூக்கவே இல்லையே, கோட்டை ஒட்டியேதானே வரேன்" என்று அடித்துச் சொன்னாய். படத்தைப் பார்த்திருந்தால் நீயே நம்பியிருக்க மாட்டாய்.

அந்த வளைவை அளந்து எழுதினோம். "அக்கா-9". நேற்று செய்த பட்டையில் முப்பத்தாறு கோடு, ஒரு வால் இல்லை. இன்று இன்னொன்று செய்தோம். அதிலும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏறியதும் நீ ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாய். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று எழுது.

உன் கோந்து


மே 13

கோந்து,

"கழுத்து வலிக்குத் தைலம் தேய்ச்சுக்கோ"ன்னு சொன்னேன். தேய்ச்சியா?

கை தூக்குறதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க மாமாவைப் பக்கத்துல உட்கார வச்சு, "நல்லா பாருங்க, தூக்குறேனா?"ன்னு போட்டுக் காட்டினேன். "தூக்குறே"ன்னார். முப்பது வருஷமா வைக்கிற பூவை இனிமே எப்படி வைக்கிறதுன்னே மறந்துடும் போல இருக்கு. உங்க படத்தை யாருக்கும் காட்டாதே.

புத்தகப் பெட்டியைப் பிரிச்சுடாதே, அவசரப்பட வேண்டாம். இருபதாம் தேதி போகட்டும்.

நான் என்ன வேண்டிக்கிறேன்னு கேட்காதே. வேண்டிக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


மே 21

அன்புள்ள அக்கா,

ஆயிரத்து நாற்பது.

ஆயிரத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். இழுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த நான்தான் நிறுத்த மறந்துவிட்டேன். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அளவைக் காட்டும் கோடு முதல் தடவை இருந்தது போலவே ஆயிரத்து நாற்பதாவது தடவையும் ஏறி இறங்கியது.

குழுவில் மூன்று பேர். அவர்களில் மூத்தவருக்குப் போன வருடம்தான் முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. நாங்கள் கேட்பதற்குள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பட்டையை மாட்டிவிட்டார். அறைக்குள்ளேயே நடந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். திரையில் தன் முட்டியைப் பார்த்து, "அடே, டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார். கழற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

பிறகு குழுவின் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் மூலையில் இருந்ததைப் படித்தார். "அக்கா-9. இது எதோட சுருக்கம்?"

சுருட்டை என்னைப் பார்த்தாள். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். நான், "சுருக்கம் இல்லைங்க. எங்க அக்கா. கேக் கடை வச்சிருக்காங்க" என்றேன். பிறகு அவர் எல்லாவற்றையும் கேட்டார். வாலில் தொடங்கி வளைவு வரைக்கும் சொன்னேன். மேசையைப் பற்றிச் சொல்லவில்லை. "அறிக்கையில பேரை மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள் அக்கா.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்த வரிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் மேசைக்கு நான் வர மாட்டேன் என்று எழுத வேண்டும், உனக்கு அது ஏற்கனவே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நீ சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று அங்கே நின்றுகொண்டிருப்பேன், ஒருவேளை அதுவும் எனக்குப் பிடித்திருக்கும். ஜூன் கடைசியில் பத்து நாள் விடுமுறை. வரலாமா?

உன் கோந்து


மே 29

அன்புள்ள கோந்து,

பார், "அன்புள்ள" வந்துடுச்சு. அதைக் கெடுத்துக்காதே.

உன் கடிதத்தை உங்க மாமா கடையில சத்தமா படிச்சார். கேக் வாங்க வந்தவங்களெல்லாம் கேட்டாங்க. "கேக் கடை வச்சிருக்காங்க"ங்கற இடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். அந்தத் தலைவியம்மாவுக்கு ஒரு கேக் அனுப்பணும், விலாசம் வாங்கி வை. எலுமிச்சை வேண்டாம்.

மஞ்சள் மேசைக்கு ஆள் போட்டுட்டேன். பாத்திரக் கடைக்காரம்மாதான். நான் அங்கே வந்திருந்த ரெண்டு நாளும் உங்க மாமாவுக்குக் கூடமாட நின்னாங்களா, அந்த ரெண்டு நாள்லயே கை பழகிடுச்சு. வாரத்துல நாலு நாள் வராங்க. சிரிச்சா க்ரீம் ஆடுது, அதுதான் கஷ்டம். மேசை அவங்களுக்கு உயரம், அதோட காலை ஒரு அங்குலம் அறுத்துட்டோம். அறுக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவங்க நின்னு பார்த்துட்டு, "ஆ, இப்ப சரி"ன்னாங்க. சரியாதான் இருந்துச்சு. நேத்து ஓரத்துக் கடைசிப் பூவை நீங்களே வைங்கன்னு விட்டேன். கோணலா வச்சாங்க. நான் எதுவும் சொல்லலை. உங்க மாமா நாட்காட்டியில குறிச்சு வச்சிருக்கார்.

ஜூன்ல வா. இது என்ன கேள்வி. ஆனா உங்க கதவுல மாதிரி என் கடைக்கும் இப்ப ஒரு விதி இருக்கு. பாத்திரக் கடைக்காரர் அவராவே செஞ்சு கொண்டுவந்து மாட்டியிருக்கார். வாசல்ல ஒரு அலுமினியத் தகடு, சின்னது, நடுவுல ஆணியால கீறி வச்சிருக்கார். உள்ளே வரணும்னா முதல்ல அந்தக் கீறல்ல உன் பத்து விரலையும் தேய்க்கணும். தேய்ச்சுட்டு எங்க வீட்டு மாடியில ரெண்டு நாள் இரு, சாப்பாடு மேலேயே வந்துடும், கடைப்பக்கம் தலை காட்டாதே. மூணாம் நாள் காலையில நான் தகட்டை வளைச்சுப் பார்ப்பேன்.

வளைஞ்சா உள்ளே வா. கடைசிப் பூ உனக்கு.

அக்கா